பழைய எஞ்சினின் பிறந்த ஆண்டு
(வாசிப்பு வட்டத்தில் பேசுவதற்கான உரை)



நெய்யாறு பூவாறில் கடலோடு சேருகிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் பொழியூர் வரும். பொழியூரைத் தாண்டினால் நீரோடி. பொழியூர் கேரளத்தில் இருக்கிறது. நீரோடி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த எல்லை போடப்பட்டது. விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் மணல் ஒன்றுதான். அலை ஒன்றுதான். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்னால் கிடக்கும் பழைய எஞ்சின்களும் ஒரே மாதிரிதான்.

அந்தப் பழைய எஞ்சின்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஒரு எஞ்சின் எங்கே செய்யப்பட்டது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது, யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும். பொறுமையும் வேண்டும்.

ஒரு வீட்டுக் கதை

ஒரு மீனவர் வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது. ஓலைச் சாய்ப்பில் இரண்டு பழைய எஞ்சின்கள் கிடக்கின்றன. இரண்டும் வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்கள். ஒன்று அவர் கடன் வாங்கி எடுத்த முதல் எஞ்சின். மற்றொன்று பின்னால் பழையதாக வாங்கியது. இரண்டுக்கும் ஒரே நீலச் சாயம் அடித்திருக்கிறது. எது எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மகனுக்குப் பணம் தேவைப்படுகிறது. பழைய இரும்பு எடுப்பவர் வந்து நிற்கிறார்.

“அண்ணாச்சி, ரெண்டும் வெறும் இரும்பும் அலுமினியமும்தான். எடைக்குத் தாருங்க.”

“ஒண்ணு கொண்டுபோ. மற்றது என் முதல் எஞ்சின். அதைத் தர முடியாது.”

“எது முதல் எஞ்சின்?”

பெரியவர் கையால் தடவிப் பார்க்கிறார். “ஜான்சன்னு மூடியில எழுதியிருக்கும். அதுதான்.”

மருமகள் குனிந்து பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்: “மாமா, கொஞ்சம் பொறுங்க. மூடி மாறியிருக்கலாம். அடியில ஒரு தகடு இருக்கு. அதை முதல்ல வாசிக்கணும்.”

“அது கம்பெனிக்காரன் எழுதினது மக்களே. நமக்கு அதுல என்ன?”

“அதுலதான் எல்லாம் இருக்கு மாமா.”

மருமகள் சொன்னது சரி. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் செய்யக் கூடாதவை

பழைய எஞ்சினைக் கண்டதும் சிலர் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். சிலர் சுத்தியலால் தட்டித் துருவை உதிர்ப்பார்கள். இரண்டும் தவறு. உப்புக் காற்றில் எழுத்து ஏற்கெனவே மெலிந்திருக்கும். முரட்டுத் தேய்ப்பில் அது முழுவதும் போய்விடும். போன எண் திரும்ப வராது.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். அரை மணி நேரம் ஊற விட்டு மறுபடியும் துடையுங்கள். பிறகு அந்த இடத்தில் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து, மேலாகத் துடையுங்கள். பள்ளத்தில் சாக்பீஸ் பொடி நிற்கும். எழுத்து வெள்ளையாகத் தெரியும். அல்லது மெல்லிய தாளை வைத்து அதன்மேல் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். குழந்தைகள் நாணயத்தை வைத்துப் படம் எடுப்பார்கள் அல்லவா? அதே முறைதான். எழுத்து அப்படியே தாளில் வந்துவிடும்.

பழைய எஞ்சினை உடனே ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். பழைய பெரிய எஞ்சின்களின் புகைக்குழாயில் வெள்ளை நார்போல் ஏதாவது சுற்றியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது கல்நாராக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

மேடெழுத்தும் பள்ள எழுத்தும்

எஞ்சின் உடம்பில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கும். ஒன்று மேடாக எழும்பி நிற்கும். மற்றொன்று பள்ளமாகக் குத்தியிருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேடெழுத்து அச்சிலிருந்து வந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது அந்த எழுத்தும் சேர்ந்து வார்க்கப்படுகிறது. அதே அச்சில் ஆயிரம் எஞ்சின் வார்த்தால் ஆயிரத்திலும் அதே எழுத்துதான் இருக்கும். அது பெரும்பாலும் உதிரிப் பாகத்தின் எண். அது அந்த ஒரு எஞ்சினின் எண் அல்ல.

பள்ள எழுத்து பிறகு குத்தப்பட்டது. எஞ்சினைச் செய்து முடித்தபின், அந்த ஒரு எஞ்சினுக்கு மட்டும் தரும் எண் அது. ஒரு ஊரில் பிறந்த எல்லோருக்கும் ஊர்ப்பெயர் ஒன்றுதான். ஆனால் பிறப்புச் சான்றிதழ் ஒவ்வொருவருக்கும் தனி. மேடெழுத்து ஊர்ப்பெயர் போன்றது. பள்ள எழுத்து பிறப்புச் சான்றிதழ் போன்றது.

பலர் மேடெழுத்தை எஞ்சின் எண் என்று நினைத்து எழுதி வைக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு தவறும் நடக்கும். டீசல் எஞ்சினில் எண்ணெய் பாய்ச்சும் பம்ப் தனியாக இருக்கும். அதில் ‘பாஷ்’ என்றோ ‘சி.ஏ.வி.’ என்றோ தகடு இருக்கலாம். அது பம்ப் செய்த கம்பெனியின் பெயர். எஞ்சின் செய்தவர் வேறு. தகடு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பெயரை எழுத வேண்டும்.

இந்தக் கரைக்கு எஞ்சின் வந்த வழி

எண்ணை வாசிக்குமுன் இந்தக் கரையின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எந்தக் காலத்தில் எந்த வகை எஞ்சின் வந்தது என்று தெரிந்தால் தேடுவது எளிது.

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரைப் பகுதியில் வேலை தொடங்கியது. அதுதான் இந்தோ-நார்வேத் திட்டம். முதலில் பழைய வள்ளங்களிலேயே எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பிறகு எஞ்சினுக்கென்றே புதிய படகுகளைக் கட்டினார்கள். எஞ்சினைப் படகின் உள்ளே நிலையாகப் பொருத்தினார்கள்.

அந்தப் படகு நிற்கத் துறைமுகமோ அமைதியான நீரோ வேண்டும். பூவாறு முதல் தூத்தூர் வரை திறந்த மணற்கரை. அலை நேராக வந்து அடிக்கும். படகைக் கரைக்கு இழுத்துத்தான் வைக்க வேண்டும். கனமான எஞ்சின் படகை அலையில் இறக்கி ஏற்றுவது கடினம். கட்டுமரத்திலோ எஞ்சினை உள்ளே வைக்க இடமே கிடையாது. நீண்டகரையில் எஞ்சின் ஓடிய காலத்திலும் இந்தக் கரையில் துடுப்பும் பாயுமே ஓடியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

1980-களில் நிலைமை மாறியது. வெளியே மாட்டும் எஞ்சின் பரவியது. அதைப் பிடியைத் திருகி மாட்டலாம். கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கினார்கள். 1980-இல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கியது. ‘சிஃப்ஸ்’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகளையும் அது நடத்தியது. 1984-இல் கேரள அரசு மத்ஸ்யஃபெட் என்ற கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தியது.

அன்று வந்த எஞ்சின்களில் ஜான்சன், எவின்ரூட், யமஹா, சுசுகி ஆகிய பெயர்கள் முக்கியமானவை. எவின்ரூட் என்பது ஒரு மனிதரின் பெயர். ஓலே எவின்ரூட் நார்வேயில் பிறந்து அமெரிக்கா போனவர். 1909-இல் வெளியே மாட்டும் எஞ்சினை விற்கத் தொடங்கினார். யமஹாவின் முதல் படகு எஞ்சின் 1960-இல் வந்தது. சுசுகியின் முதல் படகு எஞ்சின் 1965-இல் வந்தது. ஆகவே யமஹா எஞ்சின் ஒன்றை யாராவது 1950-இல் வாங்கியதாகச் சொன்னால் அந்த ஆண்டு தவறு. வரலாறு தெரிந்தால் இப்படிப்பட்ட பிழைகளை உடனே பிடிக்கலாம்.

பத்து எழுத்தில் ஓர் ஆண்டு

ஜான்சனும் எவின்ரூட்டும் 1930-களிலிருந்து ஒரே கம்பெனியின் கீழ் இருந்தன. அதனால் ஒரு பெயருள்ள எஞ்சினின் மூடி மற்றப் பெயருள்ள எஞ்சினுக்கும் பொருந்துவது உண்டு. மூடி உடைந்தால் கிடைத்ததைப் போடுவார்கள். மூடியைப் பார்த்து எஞ்சினை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

இந்த எஞ்சின்களில் வள்ளத்தோடு பிடிக்கும் தாங்கியில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் மாடல் எழுத்துகளும் எஞ்சின் எண்ணும் இருக்கும். 1980 முதல் இந்தக் கம்பெனி ஆண்டை எண்ணாக எழுதாமல் எழுத்தாக எழுதியது. அதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டது. ‘இன்ட்ரொடியூசஸ்’ என்பது அந்தச் சொல். ‘அறிமுகம் செய்கிறது’ என்று பொருள். அந்தச் சொல்லில் பத்து எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்தும் இரண்டு முறை வராது. முதல் எழுத்துக்கு 1, இரண்டாவது எழுத்துக்கு 2 என்று வரிசையாக எண் கொடுத்தார்கள். பத்தாவது எழுத்துக்கு 0.

அந்த வரிசைப்படி ‘ஆர்’ நான்காவது எழுத்து. அதற்கு 4. ‘யு’ ஏழாவது எழுத்து. அதற்கு 7. ‘சி’ எட்டாவது எழுத்து. அதற்கு 8. மாடல் வரிசையின் கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். அதற்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகள்தான் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும். ‘சி, ஆர்’ என்று இருந்தால் 84. அதாவது 1984-ஆம் ஆண்டு மாடல். ‘சி, யு’ என்று இருந்தால் 87. அதாவது 1987.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாடல் ஆண்டு வேறு, வாங்கிய ஆண்டு வேறு. 1984 மாடல் கடையில் கிடந்து 1985-இல் விற்றிருக்கலாம். ஆனால் 1987 மாடலை 1984-இல் வாங்கியிருக்க முடியாது.

மருமகள் கண்டது

மருமகள் இரண்டு தாங்கிகளையும் துடைத்துத் தாளில் எழுத்தை எடுத்தாள். ‘ஜான்சன்’ மூடி போட்ட எஞ்சினில் ‘சி, யு’ என்று இருந்தது. மூடி இல்லாமல் மூலையில் கிடந்ததில் ‘சி, ஆர்’ என்று இருந்தது.

“மாமா, நீங்க முதல் எஞ்சின் வாங்கினது எந்த வருசம்?”

“வருசம் நினைவில்லை மக்களே. ஆனா எஞ்சின் வந்து ரெண்டு மாசத்துல இந்திரா காந்தியைச் சுட்டுட்டாங்க. அன்னைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகல்ல.”

அது 1984 அக்டோபர் 31. பெரியவர் ஆண்டைச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டைக் காட்டிவிட்டார். வயதானவர்களிடம் கேட்க வேண்டிய முறை இதுதான். “எந்த வருடம்?” என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. “மாநிலம் பிரிந்ததற்கு முன்பா, பின்பா?”, “தனுஷ்கோடி அழிந்த 1964 புயலின்போது இது இருந்ததா?”, “2004 சுனாமியில் இதற்கு என்ன ஆனது?”, “2017 ஓக்கிப் புயலுக்கு முன்பே நின்றுவிட்டதா?” என்று கேளுங்கள். பதில் வரும். ஆனால் உங்கள் விடையை அவர்கள் வாயில் வைக்காதீர்கள். “இது 1984-தானே?” என்று கேட்டால், உங்கள் மனம் கோணாமல் இருக்க “ஆமாம்” என்பார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் மீதி இருந்தது. மூடி மாறுவதுபோலத் தாங்கியும் மாறலாம் அல்லவா? இந்த வகை எஞ்சின்களில் தலைப்பகுதியில் வட்டமான ஒரு சிறு உலோக அடைப்பு இருக்கும். அதிலும் எஞ்சின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். மூலையில் கிடந்த எஞ்சினில் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தன. மற்றதில் இரண்டும் வேறுவேறாக இருந்தன. அது இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஒன்றாக்கியது.

கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து பழைய கடன் பாஸ்புக்கை எடுத்தார்கள். பாஸ்புக் மலையாளத்தில் இருந்தது. தகடு ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் பேச்சு தமிழில். ஆனால் எண் மூன்று மொழிக்கும் பொதுதானே? பாஸ்புக்கில் எழுதியிருந்த எண்ணும் மூலையில் கிடந்த எஞ்சினின் எண்ணும் ஒன்றாக இருந்தன.

தகடு சொன்னது, பெரியவரின் நினைவு சொன்னது, தாள் சொன்னது. மூன்றும் ஒத்துப்போயின. இப்போது துணிந்து சொல்லலாம். பெரியவர் காட்டிய எஞ்சின் அவருடைய முதல் எஞ்சின் அல்ல. குப்பை என்று மூலையில் தள்ளியிருந்ததுதான் அது. அன்று அவர் சொன்னபடி எடைக்குப் போட்டிருந்தால், அவர் வைத்துக்கொள்ள விரும்பிய எஞ்சினே போயிருக்கும்.

தகடு இல்லாவிட்டால்

எல்லா எஞ்சினிலும் தகடு இருக்காது. பித்தளைத் தகட்டைக் கழற்றி விற்றிருப்பார்கள். அப்போது உடம்பைப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: இது கடலுக்கென்றே செய்ததா? நிலத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களையும் படகில் வைத்து ஓட்டியது உண்டு. கடல் எஞ்சினில் உப்பு நீரைத் தாங்கும் பித்தளை அல்லது வெண்கலப் பம்ப் இருக்கும். முன்னும் பின்னும் ஓட்டும் கியர் இருக்கும். துத்தநாகக் கட்டியும் இருக்கலாம். உப்பு நீர் முதலில் துத்தநாகத்தைத் தின்னும். எஞ்சின் பிழைக்கும்.

இரண்டாவது கேள்வி: இது எப்படித் தீப்பிடிக்கிறது? பிளக் இருந்தால் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் எஞ்சின். பிளக் இல்லாமல் உயர் அழுத்தப் பம்ப் இருந்தால் டீசல். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். தலையில் உருண்டையாக ஒரு குமிழ் இருந்தால் அது மிகப் பழைய வகை. அந்தக் குமிழை ஊதுவிளக்கால் சுடவைத்துத்தான் ஓட்ட முடியும். ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-களில் கொண்டுவந்த முறையிலிருந்து வளர்ந்தது இது. சுவீடனின் போலிண்டர் கம்பெனி இந்த வகைக்குப் பெயர் பெற்றது. இப்படி ஒன்று கிடைத்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி: திருகாணி எந்த அளவு? மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாக உட்கார்ந்தால் ஜப்பான் அல்லது ஐரோப்பா என்று நினைக்கலாம். அங்குல ஸ்பானர் உட்கார்ந்தால் பிரிட்டன் அல்லது அமெரிக்கா என்று நினைக்கலாம். கவனம்: அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் அதில் ஏறக்குறைய உட்காரும். ஆகவே நாலைந்து திருகாணிகளையாவது பாருங்கள். பட்டறையில் மாற்றிப் போட்டதும் இருக்கலாம்.

இவை எல்லாம் வழிகாட்டும். தனியாக எதுவும் முடிவு சொல்லாது.

எண் தெரிந்தபின்

எஞ்சின் எண் தெரிந்தால் அதன் பயணத்தைத் தேடலாம். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பதிவேடு, படகுப் பதிவுச் சான்று, மண்ணெண்ணெய் பெர்மிட், பட்டறை ரசீது ஆகியவற்றில் பாருங்கள். பழைய கம்பெனிகள் சிலவற்றின் விற்பனைப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் அவற்றைக் காத்து வருகின்றன. எண்ணையும் பென்சில் படத்தையும் அனுப்பினால், எந்த நாளில் எந்த ஊருக்கு அந்த எஞ்சின் போனது என்றுகூடச் சில நேரம் தெரியவரும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். எண் தெரியாமல் பழைய எஞ்சின் வாங்கியவர் ஏமாந்திருக்கிறார். மண்ணெண்ணெய் பெர்மிட் பரிசோதனையில் எஞ்சினின் வயது பார்க்கப்பட்டது. எண்ணைத் தேய்த்து அழித்த எஞ்சின் திருட்டு எஞ்சினாக இருக்கலாம். அதை வாங்கினால் வழக்கு வரும். இவை பணத்தைச் சேர்ந்த பயன்கள்.

மற்றொரு பயனும் உண்டு. துடுப்பிலிருந்து எஞ்சினுக்கு இந்தக் கரை மாறிய கதையைப் பெரியவர்கள் எழுதி வைக்கவில்லை. யார் முதலில் கடன் வாங்கினார், எந்த வீட்டில் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது, எத்தனை நாள் மீனில் கடன் அடைந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயிலும் அந்த எஞ்சினிலும்தான் இருக்கின்றன. எஞ்சின் உருகிப் போனால் கேட்க ஒரு காரணமும் போய்விடும்.

நண்பர்களே, எஞ்சினை விற்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பசிக்குப் பணம் வேண்டும். அந்த வீட்டிலும் ஒன்றை விற்றார்கள். ஆனால் விற்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதினார்கள். எஞ்சினின் பெயர், எண், வாங்கிய காலம், விற்ற நாள். அந்தப் பக்கத்தில் பென்சில் படத்தையும் ஒட்டினார்கள். மற்ற எஞ்சின் சாய்ப்பிலிருந்து திண்ணைக்கு வந்தது.

அது இனி ஓடாது. ஆனால் பேரப்பிள்ளைகள் அதன் தகட்டில் விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிறார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொல்கிறார்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மிகப் பழைய எஞ்சின் யார் வீட்டில் இருக்கிறது? அதில் மேடெழுத்து எது, பள்ள எழுத்து எது?
2. உங்கள் ஊருக்கு முதல் எஞ்சின் வந்த காலம் யாருக்கு நினைவிருக்கிறது? எந்தச் சம்பவத்தை வைத்து அவர் சொல்கிறார்?
3. தகடு ஒன்றும் நினைவு வேறொன்றும் சொன்னால் என்ன செய்வீர்கள்?